ஸ்டெப்னி

கோவில்பட்டியைத் தாண்டிக் கயத்தாறு வருவதற்குள் எங்கள் வாடகைக் காரின் பின்சக்கரம் ஒன்று உயிரை விட்டது. இரவு பத்தரை மணி இருக்கும். டிரைவர் அண்ணாச்சி வண்டியை ஓரமாக நிறுத்தி, இறங்கிப் போய்ப் பின்பக்கத்தைத் திறந்தார். சிறிது நேரம் பேச்சே இல்லை. பிறகு, யாரையோ பெயர் சொல்லாமல் திட்டும் குரல் கேட்டது. நானும் என் தங்கை மகனும் இறங்கிப் போய்ப் பார்த்தோம். ஸ்டெப்னி இருந்தது. அதில் காற்று இல்லை.

“போன மாசம் பஞ்சரானதைக் கழட்டி அப்படியே உள்ளே போட்டிருக்கான் ஐயா, பகல் வண்டிக்காரன். கேட்டா ‘ஸ்டெப்னி இருக்குல்லா’ம்பான். இருக்கு. இருந்து என்ன செய்ய?” என்றார் அண்ணாச்சி.

அந்த வழியே வந்த லாரி ஒன்றை மறித்து, காற்றில்லாத சக்கரத்தைத் தூக்கி அதில் போட்டுக்கொண்டு, பஞ்சர் கடையைத் தேடிப் போய்விட்டார். நாங்கள் இருவரும் சாலையோரத்து மைல் கல்லின் பக்கத்தில் உட்கார்ந்தோம். தூரத்தில் காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள் மின்னி மின்னி அணைந்தன.

ஸ்டெப்னி என்ற சொல்லை நாம் தமிழாகவே ஆக்கிக்கொண்டு விட்டோம். ஆதியில் மோட்டார் வண்டிகள் மாற்றுச் சக்கரம் இல்லாமல்தான் விற்பனைக்கு வந்தன. வேல்ஸ் நாட்டில் லானெல்லி என்ற ஊரில், ஸ்டெப்னி தெருவில், 1904-ல் சகோதரர்கள் இருவர் அவசரத்துக்கு மாட்டிக்கொள்ள ஒரு சக்கரம் செய்து விற்றார்கள். தெருவின் பெயர் சக்கரத்தின் பெயராயிற்று. இன்று லண்டனில் போய் ஸ்டெப்னி என்றால் அந்த நகரத்தின் ஒரு பேட்டையைக் காட்டுவார்கள். நம் ஊர் மெக்கானிக்கிடம் சொன்னால் சக்கரத்தைக் காட்டுவார்.

இதை நான் சொல்லிக் கொண்டிருந்தபோது தங்கை மகன் சிரித்தான். வேடிக்கைச் சிரிப்பு அல்ல அது.

“எங்கள் உத்தியோகமே இதுதான் மாமா” என்றான்.

அவன் கம்ப்யூட்டர் துறையில் இருக்கிறான் என்பது எனக்குத் தெரியும். அங்கே என்ன செய்கிறான் என்று நான் கேட்டதில்லை. கேட்டாலும் புரியாது என்று அவனும் சொன்னதில்லை. ஆள் நடமாட்டமில்லாத சாலையும் இரவும் சேர்ந்தால் இப்படிப்பட்ட மௌனங்கள் எளிதில் கலைந்து விடுகின்றன. அன்று அவன் சொன்னதை என் பாஷையில் சொல்லிப் பார்க்கிறேன். வாசகர்களில் அந்தத் துறையைச் சேர்ந்தவர்கள் பிழை கண்டால் மன்னிக்க வேண்டும்.

ரயில் டிக்கெட் வாங்கவோ, பரீட்சை முடிவு பார்க்கவோ ஒரே சமயத்தில் லட்சக்கணக்கானவர்கள் ஓர் இணையதளத்துக்குப் போகிறார்கள். அத்தனை பேருக்கும் ஒரே யந்திரம் பதில் சொல்ல முடியாது. ஆகவே உள்ளே பல சர்வர்கள் இருக்கும். வாசலில் நின்று, “நீ இந்தப் பக்கம் போ, நீ அந்தப் பக்கம் போ” என்று கூட்டத்தைப் பிரித்து அனுப்பும் யந்திரத்துக்கு லோட் பாலன்சர் என்று பெயர். சுமை பங்கிடுபவன் என்று சொல்லலாம். கல்யாண வீட்டில் பந்திக்கு ஆள் அனுப்புகிறவர் மாதிரி. உள்ளே எந்த இலை காலி, எந்தப் பரிமாறுகிறவர் களைத்துப் போனார் என்று அவருக்குத் தெரிய வேண்டும். அதற்காக இந்தச் சுமை பங்கிடுபவன் சில விநாடிகளுக்கு ஒருமுறை உள்ளேயிருக்கும் ஒவ்வொரு சர்வரையும், “சௌக்கியமா?” என்று விசாரித்துக் கொண்டேயிருக்கும். சரியான பதில் வராத சர்வருக்கு ஆள் அனுப்பாது.

வாசலில் நிற்பவனே மயங்கி விழுந்தால்? அதற்காகத்தான் இரண்டு பேரை நிறுத்துகிறார்கள். ஒருவன் வேலை செய்வான். மற்றவன் சும்மா நிற்பான். ஊருக்குத் தெரிந்த விலாசம் ஒன்றுதான். அது இருவருக்கும் பொது. வேலை செய்கிறவன் விநாடிக்கு ஒருமுறை, “நான் இருக்கிறேன், நான் இருக்கிறேன்” என்று மற்றவனுக்குச் சொல்லிக்கொண்டிருப்பான். மூன்று விநாடிபோல் அந்தக் குரல் கேட்காவிட்டால், சும்மா நின்றவன், “இனி அந்த விலாசம் நான்தான்” என்று அறிவித்துவிட்டு வேலையை எடுத்துக்கொள்வான். வாசலில் நிற்கும் ஜனங்களுக்கு ஆள் மாறியது தெரியாது.

“நல்ல ஏற்பாடாயிற்றே!” என்றேன்.

“நல்ல ஏற்பாடுதான். ஆனால் இரண்டாவது ஒன்று இருக்கிறது என்ற எண்ணம் வந்தவுடன் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை” என்றான் அவன்.

டிக்கியில் காற்றில்லாமல் கிடந்த சக்கரம் என் கண்முன் வந்தது. நம்பிக்கை என்பதை நாம் ஒரு நற்குணமாகவே பேசிப் பழகியிருக்கிறோம். ஆனால் சோதித்துப் பாராத நம்பிக்கையில் பாதிக்குமேல் சோம்பல் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. வீட்டில் தீயணைப்புக் கருவி மாட்டி வைத்திருப்பவர்களில் எத்தனை பேர் அதன் தேதியைப் பார்த்திருக்கிறார்கள்? நானும் பார்த்ததில்லை.

இந்த இரட்டையரின் நடத்தையை நிர்ணயிப்பது அவற்றினுள் எழுதி வைத்திருக்கும் கட்டளைத் தொகுப்பு. கான்பிகரேஷன் என்கிறார்கள். அதில் அடிக்கடி மாறுதல் செய்ய நேரும். உள்ளே புது சர்வர் சேர்ந்தால் ஒரு வரி சேரும். ஒன்று ஓய்வு பெற்றால் ஒரு வரி போகும். அப்படி மாற்றும்போதுதான் விபத்து. ஆகவே கவனமுள்ளவர்கள் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். முதலில் இப்போதுள்ள கட்டளைகளுக்கு ஒரு பிரதி எடுத்துப் பத்திரமாக வைப்பார்கள். வேலை செய்கிறவனைத் தொடமாட்டார்கள். சும்மா நிற்பவனிடம் மாறுதலைச் செய்து, ஜனங்களுக்குத் தெரியாத கொல்லைப்புற வழியாகத் தாங்களே போய் அது ஒழுங்காக வழிகாட்டுகிறதா என்று பார்ப்பார்கள். பிறகு கூட்டம் குறைந்த நேரத்தில் வேலையை அவனிடம் மாற்றி விடுவார்கள். பழையவன் பழைய கட்டளைகளோடு பக்கத்தில் நிற்பான். கோளாறு என்றால் மறுபடி அவனே வந்து நிற்க வேண்டியதுதான். ஒரு நாளோ இரண்டு நாளோ பார்த்துவிட்டு, அதன் பிறகே பழையவனுக்கும் புதிய கட்டளையை ஓதுவார்கள்.

இந்த முறையில் என்னைக் கவர்ந்த அம்சம், பழையவனை உடனே திருத்தாமல் விட்டு வைப்பதுதான். சீர்திருத்தக்காரர்களுக்கு அத்தனை பொறுமை இருப்பதில்லை. தாம் கண்ட நன்மையை எல்லாரும் இன்றே காண வேண்டும் என்பார்கள். திரும்பி வரும் பாதையை அடைத்துவிட்டு முன்னே போவதை வீரம் என்று சரித்திரத்தில் எழுதி வைத்திருக்கிறோம். வாசலில் ஜனங்கள் நிற்கும்போது அந்த வீரம் யார் கணக்கில் செலவாகிறது?

“இவ்வளவு தெளிவாகச் சொல்கிறாயே, நீங்கள் எல்லாரும் இப்படித்தான் செய்வீர்களா?” என்று கேட்டேன்.

அவன் உடனே பதில் சொல்லவில்லை. கையில் கிடைத்த ஒரு குச்சியால் தரையைக் கீறிக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்.

நாலு வருஷத்துக்கு முன்னால் அவன் வேறொரு கம்பெனியில் இருந்தான். ஒரு பரீட்சைக்கு விண்ணப்பங்கள் வாங்கும் தளத்தை அந்தக் கம்பெனி நடத்தியது. விண்ணப்பம் போடக் கடைசி நாள். கூட்டம் நெரிந்தது. “சௌக்கியமா?” என்று சர்வர்களை விசாரிக்கும் அந்தக் கேள்வியைச் சிறிது மாற்ற வேண்டும் என்று மேலேயிருந்து உத்தரவு வந்தது. ஒரே ஒரு வரிதான். இரட்டையர் இருவரும் எப்போதும் ஒரே கட்டளைகளோடு இருக்க வேண்டும் என்பதற்காக, ஒன்றில் எழுதுவதை உடனே மற்றதில் படி எடுத்துக்கொள்ளும் வசதி ஒன்று உண்டு. மாறுதல் செய்யும்போது அதை நிறுத்தி வைக்க வேண்டும். ஒரு வரிதானே என்று அவன் நிறுத்தவில்லை.

அந்த வரியில் ஓர் எழுத்துப் பிழை.

கேள்வி தப்பாகப் போயிற்று. “அப்படி ஒரு பக்கம் இங்கே இல்லையே” என்று எல்லாச் சர்வர்களும் உண்மையைச் சொல்லின. எதிர்பார்த்த பதில் வராததால், சுமை பங்கிடுபவன் எல்லாச் சர்வர்களும் செத்துப் போயின என்று தீர்மானித்தது. உள்ளே அத்தனை பேரும் ஆரோக்கியமாக, கை கட்டிக்கொண்டு, ஆள் வருமென்று காத்திருந்தார்கள். வாசலில் வந்தவர்கள் எல்லாரையும் திருப்பி அனுப்பிக் கொண்டிருந்தது யந்திரம். இவன் பதறிப்போய் இரண்டாவது யந்திரத்துக்கு வேலையை மாற்றினான். அதற்கும் அதே பிழை போய்ச் சேர்ந்திருந்தது. பிழை எங்கே என்று கண்டுபிடித்துப் பழையபடி எழுதப் பதினொரு நிமிஷம் ஆயிற்று.

“பதினொரு நிமிஷம்தானே?” என்றேன், ஆறுதலாக.

“கம்பெனியிலும் அப்படித்தான் சொன்னார்கள் மாமா. அறிக்கையில் ‘சிறு தடங்கல்’ என்று எழுதினோம். ஆனால் வந்து திரும்பினவர்களின் பதிவேடு என் கையில் இருந்ததல்லவா? அன்று ராத்திரி அதைப் படித்தேன். பெயர் இருக்காது. வெறும் எண்கள்தாம். பெரும்பாலான எண்கள் பன்னிரண்டாவது நிமிஷம் திரும்பி வந்திருந்தன. ஒரே ஓர் எண் பதினொரு நிமிஷத்துக்குள் ஒன்பது தடவை முயன்றிருந்தது. பிறகு வரவேயில்லை. நள்ளிரவு வரைக்கும் பார்த்தேன். வரவில்லை.”

“வேறு எங்கிருந்தாவது வந்து விண்ணப்பம் போட்டிருக்கலாமே?”

“போட்டிருக்கலாம். எண் மாறியிருக்கலாம். ஏதாவது கம்ப்யூட்டர் கடையில் உட்கார்ந்து, மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து முயன்று பார்த்துவிட்டு, கடைசிப் பஸ்ஸைப் பிடிக்க ஓடியிருக்கவும் கூடும். எனக்குத் தெரியாது.”

அவனுக்கு நான் சொன்ன சமாதானத்தை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. ஆகவே விட்டுவிடுகிறேன்.

பிழை செய்தவன் ஒருவன். ஆனால் இரண்டு யந்திரங்களும் ஏன் வீழ்ந்தன? இதை நினைத்தபோது எனக்கு 1996-ல் நடந்த ஒரு சம்பவம் ஞாபகத்துக்கு வந்தது. அந்த வருஷம் ஜூன் 4-ஆம் தேதி, தென் அமெரிக்காவில் பிரெஞ்சு கயானாவிலுள்ள கூரு தளத்திலிருந்து ஏரியான்-5 ராக்கெட் முதல் தடவையாகக் கிளம்பியது. சுமார் 40 விநாடியில், ஏறக்குறைய 3,700 மீட்டர் உயரத்தில், திசை மாறி உடைந்து சிதறியது. ராக்கெட்டின் நிலையை அளந்து சொல்ல அதில் இரண்டு கருவிகள் இருந்தன. ஒன்று தவறினால் மற்றது. இரண்டும் ஒரே அச்சு, ஒரே நிரல். முந்தைய ஏரியான்-4 ராக்கெட்டுக்கு எழுதிய கணக்கை அப்படியே எடுத்து வைத்திருந்தார்கள். புதிய ராக்கெட்டின் பக்கவாட்டு வேகம் பழையதைவிட அதிகம். அந்தப் பெரிய எண் அதற்கென்று ஒதுக்கிய சிறிய இடத்தில் அடங்கவில்லை. கருவி நின்று போயிற்று. ராக்கெட் மாற்றுக் கருவியைத் தேடியது. அதே காரணத்தால் அது ஒரு கணம் முன்னதாகவே நின்று போயிருந்தது! அந்தக் கணக்கு ராக்கெட் தரையை விட்டுக் கிளம்பிய பிறகு ஏரியான்-5-க்குத் தேவையே இல்லை என்பது இன்னும் கொடுமை.

ஒருவனுக்குத் துணையாக அவனுடைய நிழலை நிறுத்துவதில் என்ன பிரயோஜனம்? நம் சொல்லையே திருப்பிச் சொல்கிறவரைத்தான் நாம் நல்ல சிநேகிதர் என்று நினைக்கிறோம். நாம் தவறும் சமயத்தில் அவரும் கூடவே தவறுவார். வித்தியாசம் வேண்டும். அந்த வித்தியாசம் எப்போதும் வேண்டியதில்லை. மாறுதல் நடக்கும் அந்தச் சில மணி நேரத்துக்காவது வேண்டும்.

மனிதன் தன் பதற்றத்தை அறிந்து, அதற்கும் சேர்த்து ஒரு கருவி செய்து வைத்திருப்பதையும் தங்கை மகன் சொன்னான். ஜூனிப்பர் கம்பெனியின் யந்திரங்களில் ஒரு கட்டளை உண்டாம். “இந்த மாறுதலைச் செய், ஆனால் நான் மறுபடி வந்து சரி என்று சொல்லாவிட்டால், பத்து நிமிஷத்தில் நீயாகவே பழையபடி ஆகிவிடு” என்பது அதன் பொருள். தூரத்திலுள்ள யந்திரத்தில் தப்பாக எதையாவது மாற்றினால் அதற்குப் போகும் வழியே அடைபட்டுப் போகலாம் அல்லவா? உட்கார்ந்த கிளையை வெட்டியவன் கதை. 2021 அக்டோபர் 4-ஆம் தேதி பேஸ்புக் கம்பெனிக்கு நேர்ந்தது அதுதான். பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை அவர்களுடைய வலைப்பின்னலை உலகத்திலிருந்தே துண்டித்து விட்டது. பழுது பார்க்கும் கருவிகளும் அந்த வலைக்குள்ளேயே இருந்தன. மீண்டு வர ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஆயிற்று. ஆகவேதான் இந்தப் பத்து நிமிஷக் கெடு. தன் வாய் அடைபட்டால் தன் சொல்லும் செல்லாது என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்து விடுவது! கோபத்தில் எழுதும் கடிதங்களுக்கு இப்படி ஒரு வசதி இருந்தால் எத்தனையோ குடும்பங்கள் பிழைத்திருக்கும்.

இவ்வளவு தூரம் எனக்கு அவனோடு தகராறு இல்லை. தகராறு அதன் பிறகுதான் வந்தது.

“கொல்லைப்புற வழியாகச் சோதித்துப் பார்த்தால் போதாதா? ஜனங்களை விட்டுத்தான் பார்க்க வேண்டுமா?” என்று கேட்டேன்.

“போதாது மாமா. சும்மா நிற்கிறவன் மேல் பாரம் இல்லை. நாங்கள் நாலு பேர் கொல்லைப்புறமாகப் போய்ப் பார்ப்பது நாலு பேருக்கு வழிகாட்டுகிறதா என்பதைத்தான் காட்டும். நாலு லட்சம் பேர் வந்தால் என்ன ஆகும் என்பது அவர்கள் வந்தால்தான் தெரியும். அதனால் முதலில் நூற்றில் ஒருவரை மட்டும் புதிய வழியில் அனுப்புவோம். நன்றாக நடந்தால் பத்துப் பேர். பிறகு எல்லாரும். அந்த முதல் ஆளுக்குக் கேனரி என்று பெயர்.”

“அந்த ஆளைக் கேட்டுக்கொண்டுதான் அனுப்புவீர்களோ?”

“இல்லை.”

எனக்குக் கோபம் வந்தது என்றே சொல்லலாம். என்னைக் கேட்காமல் என்னை எப்படிச் சோதனைக்கு அனுப்பலாம்? என்னுடைய விண்ணப்பம், என்னுடைய பணம், என்னுடைய டிக்கெட். இன்னொருவருடைய சௌகரியத்துக்காக நான் ஏன் முதலில் பள்ளத்தில் இறங்கிப் பார்க்க வேண்டும்? இதைச் சூடாகவே சொன்னேன்.

அவன் நிதானமாகச் சொன்னான்: “உங்களை அனுப்பாவிட்டாலும் சோதனை நடக்கத்தான் போகிறது மாமா. அப்போது எல்லாரையும் சேர்த்து அனுப்பியிருப்போம். அவ்வளவுதான் வித்தியாசம்.”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. 2024-ஆம் வருஷம் ஜூலை 19-ஆம் தேதியை அவன் நினைவூட்டினான். கிரவுட்ஸ்டிரைக் என்ற காவல் மென்பொருளுக்கு ஒரு சிறு கோப்பு, படிப்படியாக இல்லாமல், உலகமெங்கும் ஒரே சமயத்தில் போயிற்று. 78 நிமிஷத்தில் அதைத் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் நீலத்திரை காட்டி நின்றுவிட்டன. ஆஸ்பத்திரிகள் தடுமாறின, விமானங்கள் கிளம்பவில்லை, நம் நாட்டு விமான நிலையங்கள் சிலவற்றில் பிரயாணிகளுக்குச் சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அங்கே முதல் ஆள் என்று யாரும் இல்லை. எல்லாரும் முதல் ஆள்.

ஆகவே யாரோ ஒருவர் முதலில் போகத்தான் வேண்டும். சோதனை கூடாது என்பவன் சோதனையிலிருந்து யாரையும் காப்பாற்றுவதில்லை. இதை ஒப்புக்கொண்ட பிறகுதான் கேள்வியே ஆரம்பமாகிறது: அந்த ஒருவர் யார்?

கேனரி என்ற பெயர் நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து வந்தது. ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற விஞ்ஞானி 1890-களில் சொன்ன யோசனை. சுரங்கத்தில் கார்பன் மோனாக்சைடு இருந்தால் கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. மனிதன் மயங்குவதற்கு முன்னால் சின்னப் பறவை மயங்கிவிடும். ஆகவே கூண்டில் ஒரு கேனரிக் குருவியை எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். பிரிட்டிஷ் சுரங்கங்களில் 1986 வரைக்கும் இந்த வழக்கம் இருந்தது. ஹால்டேன் பறவையை மட்டும் பலி கொடுத்தவர் அல்லர். தாமே அந்த விஷ வாயுவைச் சுவாசித்து, தம் உடம்பில் என்ன நேர்கிறது என்று குறித்து வைத்தவர். இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். கேனரிக்கென்று ஒரு விசேஷக் கூண்டு உண்டு. அதன் தலையில் ஒரு சிறு பிராணவாயுக் குப்பி இருக்கும். குருவி தள்ளாடினால் கூண்டின் கதவை மூடி, குப்பியைத் திறந்து விடுவார்கள். குருவி பிழைத்துக் கொள்ளும். இந்தக் கூண்டைப் பற்றிப் படித்தது முதல், முன்னால் அனுப்பப்படுகிறவர்களைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குப்பிதான் நினைவுக்கு வருகிறது. முதலில் போகிறவனுக்குத் திரும்பி வர ஒரு வழி. பழைய கட்டளையோடு பக்கத்தில் நிற்கும் அந்த இரண்டாவது யந்திரம் அவனுடைய குப்பி அல்லவா?

குப்பி இல்லாத சோதனைகளும் உண்டு. 1796 மே மாதம் எட்வர்ட் ஜென்னர், மாட்டம்மைப் பாலை முதன்முதலில் குத்திப் பார்த்தது அவருடைய தோட்டக்காரரின் எட்டு வயதுப் பிள்ளைக்கு. ஜூலையில் அதே பிள்ளைக்கு நிஜப் பெரியம்மையையும் ஏற்றிப் பார்த்தார். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை, உலகம் பிழைத்தது. பின்னாளில் அவன் வாடகையில்லாமல் குடியிருக்க ஜென்னர் ஒரு வீடும் கொடுத்தார். தம் சொந்தக் கைக்குழந்தைக்கும் அவர் மாட்டம்மை குத்தியதுண்டு. ஆனால் அது இரண்டு வருஷத்துக்குப் பிறகு. ஜென்னரைக் குறை சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. என் தோளிலும் அந்தத் தழும்பு இருக்கிறது. ஆயினும், முதலில் ஏன் தோட்டக்காரர் பிள்ளை என்ற கேள்வி அந்தத் தழும்போடு மறைந்து விடவில்லை.

இந்த இடத்தில் தங்கை மகன் தன் இப்போதைய சங்கடத்தைச் சொன்னான். இப்போது இருக்கும் கம்பெனியில், அந்த நூற்றில் ஒருவரை எப்படிப் பொறுக்குவது என்று போன வாரம் ஒரு கூட்டம் நடந்ததாம். மேலதிகாரி ஒருவர், குறிப்பிட்ட சில சின்ன ஊர்களிலிருந்து வருபவர்களை எப்போதும் முதலில் அனுப்பலாம் என்றாராம். காரணம், “அங்கேயிருந்து புகார் வருவதில்லை.” திங்கட்கிழமை இவன் தன் அபிப்பிராயத்தை எழுதிக் கொடுக்க வேண்டும்.

“நீ என்ன எழுதப் போகிறாய்?”

“அவர் சொல்வதில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது மாமா. அந்த ஊர்களிலிருந்து வருகிறவர்கள் குறைவு. கோளாறு வந்தால் கஷ்டப்படுகிறவர்களும் குறைவு.”

குறைவுதான். ஆனால் ஒவ்வொரு தடவையும் அதே குறைவானவர்கள். ஒரு வருஷத்தில் நூறு மாறுதல் என்றால், நூறு தடவையும் அந்த ஊர்க்காரர்களே பள்ளத்தின் ஆழம் பார்க்கிறார்கள். ‘இந்த இணையமே இப்படித்தான், ஒன்றும் ஒழுங்காக நடக்காது’ என்று அவர்கள் பழகிப் போவார்கள். பழகிப் போனதால் புகார் சொல்லமாட்டார்கள். புகார் சொல்லாததால் மறுபடி அவர்களையே அனுப்புவோம்.

இன்னொன்றும் தோன்றியது. கேனரியை ஏன் கொண்டு போனார்கள்? மனிதனுக்கு முன்னால் அது தள்ளாடிக் காட்டும் என்பதற்காக. தள்ளாடினாலும் சத்தமின்றிக் கிடக்கும் பறவையைக் கொண்டு போய் என்ன லாபம்? புகார் சொல்லாதவர்களை முதலில் அனுப்புவது சோதனையே ஆகாது. இதைச் சொன்னதும் அவன் முகம் மலர்ந்தது. “இதை அப்படியே எழுதிவிடுகிறேன் மாமா. அவர்களுக்கும் மறுக்க முடியாது” என்றான்.

அவன் சந்தோஷப்பட்டது எனக்குச் சந்தோஷமாக இல்லை. நியாயமும் காரிய லாபமும் ஒரே வண்டியில் வந்து இறங்கும்போது எனக்குச் சந்தேகம் தட்டும். நாளைக்கே, புகார் வராமலே கோளாறைத் தானே கண்டுபிடிக்கும் யந்திரம் வந்துவிட்டால்? “பல இடங்களில் ஏற்கனவே வந்துவிட்டது” என்று அவனே ஒப்புக்கொண்டான். அப்படியானால் என் கேனரி வாதம் செல்லாது. அப்போதும் அந்தச் சின்ன ஊர்க்காரர்களை எப்போதும் முதலில் அனுப்புவது தப்புதான். அதைத் தப்பு என்று மட்டும் சொல்லி ஓர் ஆபீஸில் எழுதிக் கொடுக்க முடியுமா?

“குலுக்கிப் போட்டு எடுத்தால்?” என்றேன்.

“எடுக்கலாம். எண்ணைப் பார்க்காமல் நூற்றில் ஒன்றை எடுப்பது சுலபம். முதலில் கம்பெனிக்காரர்களையே அனுப்பலாம். மேலதிகாரி உட்பட.”

“மேலதிகாரி உட்பட என்பதையும் எழுதுவாயா?”

அவன் சிரித்தான். எழுதுகிறேன் என்றும் சொல்லவில்லை, எழுதமாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஒன்பது தடவை முயன்ற அந்த எண்ணை அவன் இன்னும் மறக்கவில்லை. அதை மனப்பாடமாகவே ஒப்பித்தான். அதையும் அறிக்கையில் எழுதச் சொல்லலாமா என்று எனக்கு வாய் வரை வந்தது. ஆபீஸ் அறிக்கையில் அதற்கு ஏது இடம்?

பன்னிரண்டு மணிக்குமேல் ஒரு மோட்டார் சைக்கிளின் பின்னால் சக்கரத்தை அணைத்துப் பிடித்துக்கொண்டு அண்ணாச்சி வந்து இறங்கினார். சக்கரத்தில் காற்று இருந்தது. கட்டை விரலால் இரண்டு தடவை அழுத்திப் பார்த்தார். ஜாக்கி வைத்துத் தூக்கி, மாட்டி, நட்டுகளை முறுக்கினார். பழசைப் பின்பக்கம் போட்டு மூடினார். நான் கதவைத் திறந்து ஏறப் போனேன்.

“இப்ப ஏறாதீங்க ஐயா. தம்பி, நீங்களும் நில்லுங்க. புது ஒட்டு. கொஞ்ச தூரம் ஓட்டிப் பாத்துட்டு வாரேன்.”

வண்டி மெதுவாகக் கிளம்பிப் போயிற்று. நாங்கள் இரண்டு பேரும் சாலையில் நின்று, அதன் பின்விளக்குகள் இரண்டும் சிறிதாகி, பாலத்துக்கு அப்பால் திரும்பி, முன்விளக்குகளாகி எங்களை நோக்கி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.